காப்பர் அசிடேட்டில் ஜோடி ஜோடியாகத் தாமிரம்

காப்பர் சல்பேட்டின் நீலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது காப்பர் அசிடேட்டின் கரும்பச்சைப் படிகம். முதன்முறை அதன் காந்தத் திருப்புத்திறனை, அதாவது ஒவ்வொரு தாமிர அயனியும் எவ்வளவு வலுவான குட்டிக் காந்தம் என்பதை, அளந்தபோது 1.4 போர் மேக்னட்டான் (அதற்கான அலகு) வந்தது. தாமிர(II) அயனியின் டி கூட்டில் (வெளிப்புற எலக்ட்ரான் அடுக்கில்) 9 எலக்ட்ரான்கள், அதில் 8 ஜோடி சேர்ந்துவிட ஒன்று மட்டும் தனியாக நிற்கும், அந்த ஒன்றுக்கே 1.73 வர வேண்டும். காப்பர் சல்பேட் 1.9 வரை கூடக் காட்டுகிறது. மாதிரியில் ஏதோ கலப்பு என்று நினைத்து மறுபடியும் படிகமாக்கி, உலர்த்தி, பொடித்து அளந்தேன். அதே 1.4.

குளிர்வித்தால் இன்னும் விசித்திரம். தனி எலக்ட்ரான்களால் காந்தத்தால் ஈர்க்கப்படும் சாதாரண பாராகாந்தப் பொருள் குளிரக் குளிரக் காந்தத்துக்கு அதிகமாக வசப்படும். இப்படி வசப்படும் அளவான ஏற்புத்திறனோ இதில் சுமார் 255 கெல்வினில் உச்சம் தொட்டு, அதற்குக் கீழே சரிந்து, கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது.

1952-இல் பிளீனி, பவர்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள், தனி எலக்ட்ரான்களைக் காட்டித்தரும் எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் இதைப் பார்த்துவிட்டு, தாமிர அயனிகள் இங்கே இரண்டிரண்டாகக் கைகோத்திருக்கின்றன என்றார்கள். அடுத்த வருடமே எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வில் அந்த ஜோடி கண்ணுக்குத் தெரிந்தது: இரண்டு தாமிரம், நடுவில் பாலமாக 4 அசிடேட், இரு முனையிலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறு. தாமிரங்களுக்கு இடையே சுமார் 2.64 ஆங்ஸ்ட்ராம்தான், உலோகத் தாமிரத்திலேயே அது 2.56. ஜோடியின் இரண்டு தனி எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று எதிர்த்துச் சுழன்று காந்தத்தை ரத்து செய்துகொள்கின்றன, 1.4-க்கும் குளிரில் மறைவதற்கும் காரணம் அதுதான். இவ்வளவு நெருக்கமாக இருந்தும் அந்த எதிர்ச் சுழற்சி நேரடிப் பிணைப்பால் அல்ல, பெரும்பாலும் அசிடேட்டின் ஆக்சிஜன்–கார்பன்–ஆக்சிஜன் வழியாகத்தான். படிக அமைப்பு தெரியும் முன்பே காந்தம் அதைச் சொல்லிவிட்டது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பாலம் மாறினால் கதையும் மாறும். இரண்டு ஹைட்ராக்சைடு பாலங்கள் உள்ள சேர்மங்களில் தாமிரம்–ஆக்சிஜன்–தாமிரம் கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 90 பாகைக்கு அருகில் இரு எலக்ட்ரான்களின் ஆர்பிட்டால்களும் (அவை பரவியிருக்கும் வெளிகளும்) ஆக்சிஜனில் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதில்லை, அதனால் சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன. கோணம் விரிய விரிய மேற்பொருந்தல் கூடி, எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன. 1970-களில் ஹாட்ஃபீல்டும் ஹாட்ஜ்சனும் பல சேர்மங்களை வரிசைப்படுத்தி, அந்த எல்லை சுமார் 97.5 பாகை என்று காட்டினார்கள். ஒரு பாகை விரிந்தால் ஒரே திசை, எதிர்த் திசை என்ற இரு நிலைகளுக்கும் இடையிலான ஆற்றல் சுமார் 75 செ.மீ⁻¹ (நிறமாலையில் பயன்படும் ஆற்றல் அலகு) நகர்கிறது, அவ்வளவு நுட்பம்!

அதனால் இப்படிப்பட்ட புதிய சேர்மம் எது கண்ணில் பட்டாலும் நான் முதலில் தேடுவது கோண அட்டவணையைத்தான். ஒரு பக்கம் ஊகித்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் காந்த வரைபடத்தைத் திறப்பேன்.