கையெழுத்திட்ட காசோலை சேர்ப்போருக்கு

பிரபலங்கள் படத்தில் போட்ட கையெழுத்தை விடக் காசோலைக் கையெழுத்தை நம்பலாம். திகதி, பெறுநர், தொகை, வங்கி முத்திரை எல்லாம் கூடவே சாட்சிக்கு நிற்கும். அப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் 1976இல் ரேடியோ ஷாக் கடைக்கு எழுதிய 4 டொலர் 1 சதக் காசோலை 2023இல் 46,000 டொலருக்கு மேல் ஏலம் போனது. அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரான ஓர்வில் ரைட்டின் காசோலைகள் நிறையக் கிடைப்பதால் அவ்வளவு விலை போவதில்லை.

பத்து மடங்கு லென்ஸை வைத்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பேனா மை தாளின் நாரில் ஊறியிருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. நிறுவனக் காசோலையில் செயலாளரோ இயந்திரமோ கையெழுத்துப் போட்டிருக்கலாம், தனிப்பட்ட கணக்குக் காசோலையே நல்லது. பணம் கொடுத்த பிறகு வங்கி குத்தும் ரத்துத் துளை கையெழுத்தின் மேலே விழுந்திருந்தால் விலை இறங்கும்.

வன்னியில் வாங்குவதை விடக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஐப்பசி மழை தொடங்கினால் தாள் ஈரம் குடிக்கும். சுவரோடு ஒட்டிய மர அலுமாரிக்குக் கறையான் தேடி வரும். பொலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். பீவீசீ பிளாஸ்ரிக் உறை மையோடு ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த பின்னைக் கழற்றுங்கள். லமினேற் செய்தால் சேர்ப்பவர் யாரும் தொடமாட்டார்.

விற்பதென்றால் பெரும்பாலும் வெளிநாட்டு ஏலம்தான். தரகையும் தபால் காப்புறுதியையும் கழித்துவிட்டு இலாபத்தைக் கணக்குப் பாருங்கள்.