பகலில் கப்பல் தெரிகிறது, ராத்திரி தெரியவில்லை: ஏ.ஐ.எஸ். ரிசீவரோடு நாலு மாதம்

கண்டுபிடித்துவிட்டேன். ஏ.ஐ.எஸ். என்பது கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் தாமாகவே அறிவிக்கும் ஏற்பாடு. அதைக் கேட்க நான் படகில் வைத்த ரிசீவர் பகலில் வேலை செய்யும், ராத்திரியில் செய்யாது. நாலு மாதம், ரெண்டு டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்), மூணு ஆன்டெனா, வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டு, எல்லாவற்றுக்கும் காரணம் பாய்மர உச்சியில் நானே ஏறி மாட்டிய எல்.இ.டி. விளக்கு. டாங்கிள்தான் பழுது என்று பார்த்தவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லியிருந்தேன். அதெல்லாம் வாபஸ்.

என் படகு ஒரு பழைய 24 அடி ஃபைபர் வல்லம்தான். ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூரில் கிடக்கிறது. மீன் பிடிக்காமல் சும்மா சுற்றுவதற்கு ஒருத்தன் வல்லம் வாங்கிப் பாய் கட்டியிருக்கிறான் என்று கரையில் இன்னும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உள்ளே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், செய்திகளைப் பிரித்தெடுக்க ஏஐஎஸ்-கேட்சர் மென்பொருள். அங்கிருந்து வைஃபை வழியாகப் போனில் ஓபன்சிபிஎன் என்ற கடல் வரைபடச் செயலி. இதெல்லாம் பலரும் செய்வதுதான். ஆன்டெனா மட்டும் சொந்தத் தயாரிப்பு: பித்தளை வெல்டிங் ராடு, 44 செ.மீ. நேராக ஒன்று, கீழே சாய்வாக நாலு. கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்துக்கும் ஒரு சரக்குக் கப்பலின் ஆன்டெனா உயரத்துக்கும் கணக்குப் போட்டால் சுமார் 35 கி.மீ. வரும். பகலில் கிட்டத்தட்ட அதுவே வந்தது. தென்கடலில் (மன்னார் வளைகுடா) பத்துப் பதினைந்து கி.மீ. உள்ளே போனால் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக வந்து நிற்கும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

ராத்திரியானால் ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிற தூரத்தில் ஒரு கப்பல் போகிறது, போன் திரையில் வெறும் கடல். ஒரு தடவை நாலைந்து கி.மீ. பக்கத்தில் வந்த பிறகுதான் கப்பலைக் குறிக்கும் முக்கோணம் திரையில் முளைத்தது. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வருகிற கப்பல் மணிக்கு 28 கி.மீ. போகும். முப்பது கி.மீ. தள்ளித் தெரிந்தால் கையில் ஒரு மணி நேரம் இருக்கிறது, அஞ்சு கி.மீ.யில் தெரிந்தால் பத்து நிமிஷம். காற்று விழுந்து, அவுட்போர்டு எஞ்சினும் மக்கர் பண்ணுகிற ராத்திரியில் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு?

சந்தேகப்பட்ட வரிசையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். முதலில் கப்பல்காரர்கள் மேலேயே சந்தேகம், ராத்திரியில் ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்து வைக்கிறார்கள் என்று. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம், அதுவும் அத்தனை பேரும் சேர்ந்து பொழுது சாய்ந்ததும் அணைப்பார்களா? அடுத்து பனி. ஆன்டெனா கேபிள் முனையிலுள்ள பிஎல் பிளக்கில் ஈரம் இறங்குகிறது என்று முடிவுகட்டி, அதை வெட்டி, புதிதாகச் சாலிடர் வைத்து, ரப்பர் டேப் சுற்றி, அதன் மேல் வலை நூலை இறுக்கிக் கட்டி எம்சீலும் பூசினேன். (நூல் கட்டுவது மாமா யோசனை. டேப் பிரியவே பிரியாது, செய்து பாருங்கள்.) மூன்றாவது சந்தேகம் டாங்கிள் மேல். மலிவு டாங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் சூடு குளிருக்கு நகரும். ஏ.ஐ.எஸ். ஓடும் 162 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் 162 ஹெர்ட்ஸ், அம்பது அறுபது பிபிஎம் தள்ளிப்போனால் எட்டு ஒம்பது கிலோஹெர்ட்ஸ். அவ்வளவு நகர்ந்தால் டீகோட் ஆகாது. ராத்திரி குளிர்ச்சி, அதனால் நகர்கிறது! எவ்வளவு அழகான விளக்கம். உடனே சூடு குளிருக்கு அவ்வளவாக நகராத டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டல் உள்ளதாக ஒன்று வாங்கினேன். பகலில் இன்னும் கொஞ்சம் நன்றாக வேலை செய்தது, ராத்திரி அதே செவிடு.

பிடித்தது நான் இல்லை, மாமா. நாற்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர், இப்போது பொழுதுபோகாமல் என்னோடு வருகிறார். போன அமாவாசைக்கு முந்தின நாள் ராத்திரி, தெற்கே ஏதோ வெளிச்சம் தெரிகிற மாதிரி இருந்தது. "மேல இருக்கிற லைட்டு பாயில அடிச்சுக் கண்ணைக் கூசுது தம்பி, ரெண்டு நிமிஷம் அணை" என்றார். அணைத்தேன். போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக ஏழு கப்பல். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மறுபடி போட்டேன், வந்தவை அப்படியே உறைந்து நின்றன, புதிதாக எதுவும் வரவில்லை. அணைத்தேன், ஓடின. சின்னப் பிள்ளை மாதிரி பத்துத் தடவை செய்து பார்த்திருப்பேன், கடைசியில் மாமாதான் "எவனாவது பார்த்தா பைத்தியம்னு நினைப்பான், விடு" என்றார்.

கரைக்கு வந்து தேடினால் ஊரறிந்த சங்கதியாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டிலேயே எல்.இ.டி. விளக்குகள் கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் கெடுக்கின்றன என்று எச்சரிக்கை விட்டிருக்கிறது. சோதிக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. வி.எச்.எஃப். செட்டில் பேச்சு இல்லாத சானலுக்குப் போய், இரைச்சல் வரும்வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) திறந்து, அப்புறம் இரைச்சல் நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் கிளம்பினால் விளக்குதான் குற்றவாளி. தெரிந்தவரின் விசைப்படகில் இருந்த செட்டைக் கேட்டு வாங்கிச் செய்தேன். கிளம்பியது சாதாரண இரைச்சல் இல்லை, கருவாட்டுச் சட்டியில் எண்ணெய் காய்ந்த மாதிரி ஒரு சத்தம்.

விளக்குக்குள் இருக்கும் குட்டி டிரைவர், 12 வோல்ட்டை நொடிக்குப் பல லட்சம் தடவை வெட்டி வெட்டித்தான் எல்.இ.டி.க்குக் கொடுக்கிறது. அந்த வெட்டின் சிதறல் வி.எச்.எஃப். வரைக்கும் ஏறுகிறது. பாய்மரத்தில் இறங்கும் ஏழு மீட்டர் ஒயர் அதற்கு ஆன்டெனா. என் ஆன்டெனாவோ அந்த விளக்குக்கு ஒரு சாண் தள்ளி. பேச்சு ரேடியோ என்றால் இரைச்சல் காதில் விழுந்திருக்கும், நாலு மாதம் ஆகியிருக்காது. ஏ.ஐ.எஸ்.ஸில் செய்தி முழுசாக வந்து சரிபார்ப்பு எண் ஒத்துப்போனால்தான் காட்டும், ஒரு பிட் பிசகினாலும் குப்பையில் போட்டுவிடும். இரைச்சல் கூடக்கூடத் திரை சுத்தமாகிக்கொண்டே போகும், அதைப் பார்த்து நாமும் கடல் காலி என்று நினைத்துக்கொள்வோம். இதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

விற்ற கடையின் பெயர் வேண்டாம். "மரைன் கிரேடு" என்று அட்டையில் இருந்தது, உள்ளே பிரித்தால் ஒரு கெப்பாசிட்டர்கூட ஃபில்டருக்கு இல்லை. பழைய மானிட்டர் கேபிளில் இருந்த ஃபெரைட்டை (இரைச்சலைத் தடுக்கும் உருளை) உடைக்காமல் எடுத்து, ஒயரை மூணு சுற்றுச் சுற்றினேன், பாதி குறைந்தது. விளக்கின் வாயிலேயே 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைத்தேன், இன்னும் கொஞ்சம். முழுசாகப் போகவில்லை. ஆத்திரத்தில் ராமநாதபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 10 வாட் இழை பல்பு வாங்கி மாட்டிவிட்டேன். சத்தமே இல்லை, முத்து மாதிரி இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் பேட்டரியில் எட்டு ஆம்பியர்-மணி தின்கிறது, எல்.இ.டி.க்கு ரெண்டுகூட ஆகாது. சோலார் பேனல் சின்னது, இது ரொம்ப நாள் தாங்காது.

போன வாரம் பல்போடு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பதினோரு கப்பல், தூரத்தில் இருந்தது 33 கி.மீ. பக்கத்தில் வந்த ஒரு கப்பலின் நெருங்கும் தூரமும் நேரமும் முக்கால் மணி முன்னாலேயே திரையில் வந்துவிட்டது. பெருமையாக மாமாவிடம் காட்டினேன். அவர் போனைப் பார்க்காமல் கிழக்கே கையைக் காட்டினார். விளக்கே இல்லாமல் ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு), இருநூறு மீட்டர்கூட இருக்காது. "பெரிய கப்பக்காரன் நம்மள இடிக்க மாட்டான் தம்பி. இதுல தெரியாதவன்தான் இடிப்பான்." உண்மைதான். இங்கே நான் பார்த்த நாட்டுப்படகு எதிலும் ஏ.ஐ.எஸ். கிடையாது. நான் மட்டும் என்ன, கேட்கிறேனே தவிர அனுப்புவதில்லை. அனுப்பும் செட்டுக்கு எம்.எம்.எஸ்.ஐ. என்ற படகு அடையாள எண், உரிமம் என்று வேறு கதை இருக்கிறது, விலையும் என் படகுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற பையனிடம் நல்ல ஃபெரைட் வளையம் நாலு, ஆர்ஜி-58 ஆன்டெனா கேபிள் பத்து மீட்டர் சொல்லி விட்டிருக்கிறேன். விளக்கு டிரைவரைத் தனியாகக் கழற்றிக் கீழே அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, மேலே எல்.இ.டி. மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பெட்டி வாங்கியாச்சு, ஓட்டை போட்டது கோணலாகிவிட்டது. பாய்மரத்துக்கு அடியில் கீல் வைக்கும் ஆசையும் இருக்கிறது. மடக்கிப் படுக்க வைத்தால் பாம்பனில் தூக்குப் பாலத்துக்குக் காத்திருக்காமல் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போய்விடலாம். ஆனால் கீல் வைத்தால் கேபிளை அந்த இடத்தில் வெட்டி இன்னொரு பிளக் போட வேண்டும், இன்னொரு பிளக் என்றால் உப்புக்கு இன்னொரு வாசல். கச்சான் காற்று கிளம்புவதற்குள் பாய்மரத்தை இறக்கியாக வேண்டும், பல்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.