சும்மா போன காடு

மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மார்கழி. விடிவதற்குள் கோயில் ஸ்பீக்கர், அப்புறம் பால்காரர், அப்புறம் சொந்தக்காரர்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஈபிள் டவர் மேல ஏறினியா?" இரண்டு வருஷமாக பாரிஸில் இருந்தும் இன்னும் ஏறவில்லை என்று சொன்னால், நான் ஏதோ பணக்கஷ்டத்தில் இருப்பது போலப் பார்க்கிறார்கள்.

அத்தை மட்டும் வேறு மாதிரி. நேற்று பின்பக்கம் துணி உலர்த்தப் போனவள், அம்மா கழுவுவதற்காக எடுத்து வைத்திருந்த என் ஷூவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். சிமெண்ட் தரையில் வெள்ளை வெளேரென்று மணல். "ஏண்டி, வந்து ஒரு தரம் கூட பெசன்ட் நகர் போகலியே, இது எங்கேயிருந்து?" என்றாள்.

அது கடற்கரை மணல் இல்லை, காட்டு மணல். ஆனால் முன்னொரு காலத்தில் கடல் மணல்தான். பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தென்புளோ என்று ஒரு காடு. சுமார் 3 கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. கடல் போய்விட்டது, மணல் தங்கிவிட்டது. அந்த மணலே ஆங்காங்கே இறுகிப் பாறையாகி, காடு முழுக்க யானை யானையாகக் கிடக்கிறது. மாமல்லபுரத்தில் கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டை இருக்கிறதே, அதைப் போல ஆயிரக்கணக்கில். என்ன, நம்முடையது கருங்கல், அது மணற்கல்.

அந்தக் காட்டுக்கு நான் ஏன் தனியாகப் போனேன் என்றால், பிரெஞ்சு வகுப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

கணவர் வேலைக்காக முன்பே போய்விட்டார். நான் குடும்ப இணைப்பு விசாவில் பின்னால் போனேன். அப்படிப் போகிறவர்கள் அங்கே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்று சோதித்துவிட்டு, நான் போன சமயத்தில் நிலைமைக்குத் தகுந்தபடி 100, 200, 400 அல்லது 600 மணி நேரம் இலவச வகுப்பு எழுதித் தந்தார்கள். எனக்கு 400. பல வருஷத்துக்கான தங்கும் அட்டைக்கு 2026 ஜனவரி முதல் பிரெஞ்சில் ஏ2 என்ற தொடக்க நிலைத் தேர்ச்சி, 10 வருஷ அட்டைக்கு அதற்கு மேலான பி1, குடியுரிமைக்கு அதற்கும் மேலான பி2 என்று சட்டமும் இறுகிவிட்டது. கையெழுத்துப் போட்டது நான். ஆனால் எங்கே போனாலும் பேசியது அவர். அவர் கல்யாணத்துக்கு முன்பே நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேயில் பிரெஞ்சு படித்தவர். சென்னையில் பதினோரு வருஷம் நாற்பது பிள்ளைகளை அதட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், அங்கே ரொட்டிக் கடையில் அவர் முதுகுக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பில் திங்கள்கிழமைதோறும் ஒரு சடங்கு. சனி, ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரும் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். கொலம்பியாக்காரி நடனமாடினாள். ஆப்கான் பையன் கிரிக்கெட் ஆடினான். நான் "வீட்டைச் சுத்தம் செய்தேன்" என்றேன். அடுத்த வாரமும் சுத்தம் செய்தேன். ஆறு வாரம் சுத்தம் செய்தேன். ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் ஏழாவது வாரம் நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்தவள் "மெனாஜ்!" என்று எடுத்துக் கொடுத்தாள். மெனாஜ் என்றால் வீட்டு வேலை.

அந்த வெட்கத்தில்தான் முடிவு செய்தேன். வீட்டில் "வகுப்புக்காக" என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை, ஆனால் காரியம் கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு காரியம் வேண்டுமே. அவர் "நானும் வரேன்" என்றார். "நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க" என்றேன். அம்மாவிடம் மட்டும் கூட நாலு பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. காரே து லியோன் நிலையத்தில் ஆர் லைன் ரயிலைப் பிடித்தால் நாற்பது நிமிஷம். நம்ம பீச் ஸ்டேஷனில் இருந்து செங்கல்பட்டு தூரம்தான். மாதாந்திர பாஸிலேயே அடங்கிவிடும், தனியாகக் காசு இல்லை என்பதுதான் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். பையில் ஒரு டப்பா புளியோதரை, தண்ணீர், ஒரு நோட்டு. கறிவேப்பிலை முந்தின நாள் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் வாங்கியது.

காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நீல நிறக் கோடுகள். மரத்திலும் பாறையிலும் சின்னச் சின்னதாக. தெனெகூர் என்று ஒருவர், நெப்போலியன் படையில் இருந்தவர், 1840களில் இந்தக் காட்டில் தாமாகவே நடைபாதை போட்டு, மக்கள் வழி தவறாமல் இருக்க நீலச் சாயத்தால் அடையாளம் வைக்கத் தொடங்கினார். இன்றும் அந்த நீலத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். மலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. காட்டிலேயே உயரமான மேடுகூட 150 மீட்டரைத் தாண்டாது. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முழங்கால் பரங்கிமலைப் படிகளை ஞாபகப்படுத்திவிடும்.

எதிரே வந்த ஒவ்வொருவரும் "போன்ஜூர்" சொன்னார்கள். முதல் ஆளுக்கு நான் பதில் சொல்வதற்குள் அவர் கடந்து போய்விட்டார். பாரிஸ் மெட்ரோவில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தாலும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். அதே ஜனங்கள், நாற்பது நிமிஷ ரயிலில் எப்படி மாறினார்களோ. பத்தாவது போன்ஜூருக்குள் நான் முந்திக்கொள்ளக் கற்றுவிட்டேன்.

அப்புறம் சிலர் முதுகில் மெத்தை சுமந்துகொண்டு வந்தார்கள். நிஜமாகவே மெத்தை, இரண்டாக மடித்தது. காட்டில் படுத்துத் தூங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நிம்மதியான ஜனங்கள்.

நீலத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு பாறைக்கூட்டம் வந்தது. பாறையில் நீல அம்புக்குறி, பக்கத்தில் 14 என்று எண். அடுத்து 15. கணக்கு டீச்சருக்கு வரிசை எண்ணைப் பார்த்தால் விட மனசு வருமா? 16, 17 என்று தேடித் தேடிப் போனேன். பாதை குறுகியது. 18-க்குப் போகிற வழி என்று அம்பு காட்டியது நேரே ஒரு பாறையின் மேல்! ஆள் உயரத்துக்கு மேல், வழுவழுவென்று. பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் நடைபயிற்சி என்கிறார்களா என்று கொஞ்சம் கோபம் வந்தது. சரி, வந்துவிட்டோம் என்று ஒரு காலை வைத்து, கையை ஊன்றி, பாதி ஏறினேன். சறுக்கிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்தேன். ஷூ நிறைய மணல்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா, கை முழுக்க வெள்ளைப் பொடி, பக்கத்தில் அந்த மெத்தை. "வூஸெத் பெர்து?" என்றார். வழி தவறிவிட்டீர்களா என்று அர்த்தம். இந்த 'வூஸெத்' வகுப்பில் என்னைப் பல நாள் படுத்தியது. 'வூ' என்றால் நீங்கள். அந்தச் சொல்லின் கடைசியில் எழுத்தில் ஒரு 'ஸ்' இருக்கும், யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் அது விழித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். ஆறாம் வகுப்பில் புணர்ச்சி விதி எழுதி எழுதிப் படித்தவளுக்கு இது புதிதே இல்லை என்று, அங்கே மணலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை. அவருக்குத் தெரியாது போலிருக்கிறது, அதுவே என் பாக்கியம். பாரிஸில் என் பிரெஞ்சு இரண்டாவது சொல்லுக்குப் போவதற்குள் எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். இவர் பாறையைத் தொட்டுக் காட்டினார். அம்பும் எண்ணும் போட்டிருந்தால் அது பாறை ஏறுகிறவர்களுக்கு. மெத்தை விழுந்தால் அடிபடாமல் இருக்க, கையில் பொடி வழுக்காமல் இருக்க. மஞ்சள் சுலபம், ஆரஞ்சு அடுத்தது, நீலம் கஷ்டம், சிவப்பு இன்னும் கஷ்டம். வெறும் கோடு மட்டும் இருந்தால் அது நடப்பவர்களுக்கு. நான் முக்கால் மணி நேரமாக நடந்தது பாதையே இல்லை. பாறை ஏறுகிறவர்களின் கஷ்டமான நீல வரிசையை அடியில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

"ல ரோஷ் பெரிது" என்று ஏதோ சொன்னேன். "லா ரோஷ்" என்று திருத்தினார். அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு, ரோஷே என்றால் மட்டும் "ல" என்றார். ஒரே பாறை, ஒரு பெயரில் ஆண், அதற்கு 'ல'; இன்னொரு பெயரில் பெண், அதற்கு 'லா'. அஃறிணை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போன நம் முன்னோர்களை நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ஏறும் முன் ஷூவின் அடிப்பாகத்தை ஒரு துணியில் அழுத்தித் துடைத்தார். மணல் ஒட்டியிருந்தால் பாறை தேய்ந்துவிடுமாம். ஈரமாக இருந்தால் தொடவே கூடாதாம், மழையில் மணற்கல் இளகி உடைந்துவிடும். கோயில் வாசலில் கால் கழுவுவது போல அத்தனை கவனமாகத் துடைத்தார். பிறகு அந்த 18-ஐ நாலே அசைவில் ஏறி, மேலே போய் உட்கார்ந்து காலை ஆட்டினார்.

'வூ' வேண்டாம், 'தூ' என்றே கூப்பிடு என்றார். 'தூ' என்றால் நீ. எழுபது வயதுக்காரரை எப்படி நீ என்பது? நாக்கு வரவில்லை. அம்மாவையும் முருகனையும் நீ என்கிறவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊஹூம். கடைசிவரை வினைச்சொல்லை விழுங்கியே சமாளித்தேன்.

டப்பாவைத் திறந்தபோது அவர் எட்டிப் பார்த்தார், ஒரு ஸ்பூன் கொடுத்தேன். வேர்க்கடலையை ரசித்து மென்றுகொண்டே, தனியாகவா வந்தாய், எதற்கு என்று கேட்டார். வகுப்பு, திங்கள்கிழமை, இறந்தகாலம் என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் காலையில் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த நிமிஷமே வகுப்பு மறந்துபோயிருந்தது. யோசித்துப் பார்த்தால், மளிகை, மருந்து, ஸ்கூல், யாராவது வீட்டு விசேஷம் என்று ஒரு காரியம் இல்லாமல் நான் தனியாக வீட்டுப் படி இறங்கியதே இல்லை, சென்னையிலும் சரி, அங்கேயும் சரி. சும்மா வந்தேன் என்று சொல்ல வேண்டும். சும்மாவுக்கு என்ன பிரெஞ்சு? "புர்... ரியான்..." என்று திணறினேன். ஒன்றுமில்லாததற்காக என்பது போல ஒரு ஒட்டுப்போட்ட வாக்கியம்.

"ஆ, கொம் சா!" என்றார், தோளை லேசாகத் தூக்கி.

கொம் சா. வகுப்பில் இதை 'இப்படி' என்றுதான் படித்திருந்தோம். இப்படி வெட்டு, இப்படி எழுது. அந்தத் தோள் அசைவோடு சேர்ந்தால்தான் அது சும்மா ஆகிறது. கையில் வந்ததை உடனே செலவழித்தேன். டப்பாவில் இருந்த காய்ந்த மிளகாயைக் காட்டி, இதைச் சாப்பிட வேண்டுமா என்று கேட்டார். "நோன். கொம் சா" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

கோபுரத்துக்கு வழி கேட்டேன். காட்டின் உயரமான மேடு ஒன்றில் 1853-இல் திறந்த ஒரு கல் கோபுரம், தெனெகூர் பெயரில் இருக்கிறது. "தூ த்ருவா" என்று கையை நீட்டினார். நான் வலது பக்கம் திரும்பிப் போய் ஒரு தார் ரோட்டில் முட்டிக்கொண்டேன். தூ த்ருவா என்றால் நேராக. ஆ த்ருவாத் என்றால் வலது. கடைசியில் ஒரே ஒரு ஒற்று. அந்த ஒற்றுக்காக இருபது நிமிஷம் திரும்ப நடந்தேன். கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் மரம், பழுத்த இலை, அவ்வளவுதான். காற்று நன்றாக இருந்தது.

திங்கள்கிழமை என் முறை வந்தது. போ, ஏறு, விழு, இறங்கு, திரும்பு. பிரெஞ்சில் தனி இலக்கணம் கேட்கும் அந்த வினைச்சொற்கள் அத்தனையையும் நான் ஒரே நாளில் செய்து முடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் "மெனாஜ்" என்று எடுத்துக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன், நாலு பேர் கூட வந்ததாகச் சொன்ன பொய் உட்பட. அம்மா உள்ளே இருந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி, என்ன காரியமாப் போனே?" என்றாள்.

"சும்மாதான் அத்தை."

"சும்மாவா?" என்று ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் குனிந்து, தரையில் இருந்த மணலைப் பழைய காலண்டர் தாளில் கூட்டி எடுத்தாள். ஒரு ஸ்பூன் தேறும். விரலில் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல நைஸா இருக்கு. குத்துவிளக்கு தேய்க்க ஆகும்" என்று சொல்லி, புளியைத் தேடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.