மாற்று எஞ்சினில் பெட்ரோல் பம்ப்: பல்ஸ் ஹோஸைப் பாருங்கள்

புல்வெட்டும் டிராக்டரில் வேறு எஞ்சின் ஏற்றியபின் ஓரிரு நிமிடம் ஓடி அணைகிறதா? உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். எஞ்சினின் அழுத்தத் துடிப்பால் இயங்கும் பெட்ரோல் பம்புக்கு (வாக்குவம் பம்ப்) மூன்று முனைகள்: டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக வருவது, கார்புரேட்டருக்குப் போவது, கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூட்டின்) அழுத்தத் துடிப்பை வாங்குவது. பலரும் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். அந்தப் பல்ஸ் ஹோஸ் நீளமாகவோ தொளதொளவென்றோ இருந்தால் துடிப்பு வழியிலேயே தேய்ந்துவிடும். குட்டையான, சுவர் தடித்த ஹோஸ் போடுங்கள். வெடிப்பு இருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றுங்கள்.

எஞ்சின் ஆறியபின், திறந்தவெளியில், ஸ்பார்க் பிளக் வயரை எர்த் செய்துவிட்டு, கார்புரேட்டர் பக்க ஹோஸை பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் சரி. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் எஞ்சின் இப்படி ஓடி அணையும்.

ஆயில் அளவு ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே துடிக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி ஒழுகலாம். ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது.

எலக்ட்ரிக் பம்ப் என்றால் 2–3 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கான அதிக அழுத்தப் பம்ப் வேண்டவே வேண்டாம், மிதவை ஊசியைத் தள்ளி வழியவிடும்.