கொள்ளிடத்து மடுவில் புட்டித் தூண்டில்

அணைக்கரையில் 1836ஆம் ஆண்டு கட்டப்பட்ட கீழணையின் கதவுகள் அடைபட்டு, கொள்ளிடத்தில் ஓட்டம் நின்று, அகன்ற மணற்பரப்புக்கு நடுவே ஆங்காங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்கள்தான், காலிப் புட்டியைத் தக்கையாக மிதக்கவிடும் புட்டித் தூண்டிலுக்கு ஏற்ற காலம். ஓடும் தண்ணீரில் தூண்டில் போடுவதற்குக் கைப்பழக்கம் போதும். தேங்கிய மடுவில் கெளுத்தி பிடிக்க வேண்டுமானால், மீன் எந்த ஆழத்தில் கிடக்கிறது, எதைத் தின்ன வருகிறது என்ற இரண்டையும் முன்கூட்டியே கணித்து, தூண்டிலைப் போட்டுவிட்டு விலகி இருக்கத் தெரிய வேண்டும்.

இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவருடைய இளமைக் காலத்தில் புட்டி கிடையாது, நெட்டிதான் தக்கை. தஞ்சாவூர்ப் பக்கத்து நீர்நிலைகளில் விளையும் அந்த வெண்ணிறத் தண்டை நாம் இன்று கோயில் உருவங்களாகச் செதுக்கிய கைவினைப் பொருளாகவே அறிந்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், பெரியப்பாவுக்கு அது மீன் கடித்தால் முதலில் சேதி சொல்லும் பொருள். நெட்டி கிடைக்காத ஆண்டுகளில் கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவித் தக்கை செய்ததாகவும் சொல்வார். நான் பழகியது முழுக்கவும் குளிர்பானப் புட்டியில்தான். தண்ணீர்ப் புட்டி வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் நசுங்கிவிடும். குளிர்பானப் புட்டி வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காகத் தடிப்பாகச் செய்யப்படுவதால் பல ஆண்டுகள் உழைக்கும்.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் புட்டியின் மூடிக்குள் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய சிறு வட்டத்தை வைத்து இறுக மூடி, கழுத்து வளையத்துக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனையில் அரைச் செங்கல். செங்கல்லுக்கு ஒரு முழம் மேலே, இரண்டு சாண் நீளத்தில் கிளையாக ஒரு தூண்டில் நரம்பு; அதன் நுனியில் ஒரே ஒரு தூண்டில் முள். மடுவின் ஆழத்தைவிடக் கயிறு ஒரு முழம் கூடுதலாக இருந்தால் புட்டி தண்ணீரில் படுத்துக் கிடக்கும். மீன் முள்ளோடு இழுத்தால் எழுந்து நிற்கும். ஒரு லிட்டர் புட்டியை முழுதாக அமிழ்த்த ஏறக்குறைய ஒரு கிலோ இழுவிசை வேண்டும் என்பதால், சிறு கெளுத்தி அதை நிமிர்த்த மட்டுமே முடியும். பெரிய மீனாக இருந்தால் புட்டி முழுகி முழுகி எழும், அந்த எதிர்ப்பிலேயே மீன் களைத்துப் போகும். அடிப்பாகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி ஒரு துண்டு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், இரவில் கரையிலிருந்து டார்ச் அடித்தே எந்தப் புட்டி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

முள்ளைப் பற்றி ஒரு சொல். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையே நான் பரிந்துரைப்பேன். புட்டித் தூண்டிலில் சுண்டி இழுக்கக் கை இல்லை. மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது வட்ட முள் தானாகவே நழுவி வந்து வாயோரத்தில் மாட்டும். சாதாரண முள் பல நேரம் குடல்வரை இறங்கிவிடும். அப்படிப்பட்ட மீன் சிறியதாக இருந்தாலும் அதைத் திரும்ப விடுவதில் பொருளில்லை.

ஆழத்தை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். கெளுத்தி அடிமட்டத்து மீன் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால், கோடையில் பல வாரம் அசையாமல் கிடந்த ஆழமான மடுவின் அடியில், மட்கிய இலையும் சேறும் சேர்ந்து உயிர்வளி குறைந்துவிடும். அப்போது கெளுத்தியும் வாளையும் நடுத்தண்ணீருக்கு ஏறிவிடும். அடியில் தொங்கும் இரையை நண்டுதான் தின்னும். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த தேளி அப்படியல்ல. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு, மற்ற மீன் நிற்க முடியாத கரையோரச் சேற்றிலேயே கிடக்கும். ஆகவே ஒரே மடுவில் பத்துப் புட்டி போடுவதானால், கிளை நரம்பைக் கயிற்றில் ஏற்றியும் இறக்கியும் நான்கை அடிக்கும், நான்கை நடுத்தண்ணீருக்கும், இரண்டைக் கரைச் சேற்றுக்கும் கட்டிவிட்டு, முதல் இரவு எது நிமிர்கிறது என்று பார்த்து மறுநாள் மாற்றிக்கொள்வதே என் வழக்கம்.

இனி இரை. பிடிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் கையில் கிடைத்ததைக் கோத்துவிட்டு மடுவைக் குறை சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். கெளுத்திக்கு நாற்றம் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, கோழிக் கழிவை மூன்று நாள் வெயிலில் மூடி வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து முள்ளிலும் கோத்துப் போட்டேன். விடிந்தபோது பத்துப் புட்டியும் போட்டபடியே படுத்துக் கிடந்தன. இரை தொடப்படாமல் வெளுத்துப் போயிருந்தது. பெரியப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அதுக்கு ஒடம்பெல்லாம் நாக்குடா தம்பி, ஒனக்கு ஆகாதது அதுக்கு மட்டும் ஆவுமா?” என்றார்.

அவர் சொன்னது உவமை அல்ல, உள்ளபடியே உண்மை. கெளுத்தி இனங்களுக்கு மீசையில் மட்டுமல்லாமல் தோல் முழுவதும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. இரையிலிருந்து தண்ணீரில் கரையும் அமினோ அமிலங்களைத் தொலைவிலிருந்தே உணர்ந்து, கலங்கலிலும் இருட்டிலும் அது நேராக வந்து சேருகிறது. அது தேடுவது கரைந்து வரும் இரத்தத்தையும் சாற்றையும்; வெயிலில் அழுகி, சாறெல்லாம் வடிந்துபோன இரையில் நமக்கு நாற்றம் மிஞ்சுமே தவிர, மீனுக்குச் சுவை மிஞ்சுவதில்லை.

அதனால் என் முதல் தேர்வு அன்று பிடித்த கெண்டையின் துண்டுதான். சிறு கெண்டையைத் தலையும் உடலுமாக இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி கோத்தால் இரத்தம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். தலைப் பகுதி கெட்டியாக இருப்பதால் விடியும்வரை முள்ளில் நிற்கும். முந்தின நாள் குளிர்பெட்டியில் உறையவைத்த மீனைக் கோத்தும் பார்த்திருக்கிறேன். உருகும்போதே சதை குழைந்து, சாற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறது.

கோழி ஈரல் அடுத்தது. கெளுத்தியை அழைப்பதில் அதற்கு இணை குறைவு. முள்ளில் நிற்காது என்பதே அதன் குறை. பழைய கொசுவலைத் துணியில் சுண்டைக்காய் அளவு ஈரலை முடிந்து, அந்த முடிச்சின் வழியாக முள்ளை ஏற்றினால் இந்தக் குறை தீர்ந்துவிடும். கோழிக் குடலுக்கு இந்தப் பாடு வேண்டாம். கழுவாமல், மூன்று நான்கு மடிப்பாக முள்ளில் ஏற்றினால் கெட்டியாக நிற்கும். தேளிக்கும் சிறு கெளுத்திக்கும் எருக்குழியில் தோண்டிய மண்புழுவே போதும். ஒற்றைப் புழுவைக் கோத்தால் ஜிலேபிக் கெண்டை உருவிக்கொண்டு போய்விடும். ஐந்தாறைச் சேர்த்துக் கொத்தாகக் கோக்க வேண்டும். ஜிலேபியின் தொல்லை பகலில்தான் அதிகம் என்பதால், பொழுது சாய்ந்த பிறகே நான் புழு இரையைத் தண்ணீரில் இறக்குவேன். கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் மைதாவும் பிசைந்த உருண்டை கைத்தூண்டிலுக்கு நல்லது. ஊறிக் கரைந்துவிடுவதால் புட்டித் தூண்டிலுக்கு ஒத்துவராது.

வாளை வேறு கணக்கு. அது வேட்டையாடும் மீன். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும் அதன் அகன்ற வாயில் வரிசை வரிசையாக இருக்கும் சிறு பற்கள் நரம்பை அராவியே அறுத்துவிடும் என்பதால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி தேவை. உயிருள்ள கெண்டையை முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னே, தண்டுவடத்தைத் தொடாமல் கோத்து நடுத்தண்ணீரில் விட்டால், அது துடிக்கும் அதிர்வை நோக்கி வாளை வரும். பலர் தவளையைக் கோப்பார்கள். வயலில் பூச்சி தின்னும் தவளையைப் பிடித்து முள்ளில் ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை. வாளையே இப்போது உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இரண்டு முழத்துக்குக் குறைந்த வாளையை நான் எடுப்பதில்லை. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, புதுத்தண்ணீர் இறங்கி, சினை மீன்கள் எதிரேறத் தொடங்கிவிட்டால் புட்டிகளையே பரணில் ஏற்றிவிடுவேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் அளவும் காலமும் பார்ப்பதில்லை. நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட அந்த மீன் நம் மீன்களின் குஞ்சுகளை விட்டுவைக்காது; அதை ஒருபோதும் தண்ணீரில் திரும்ப விடக் கூடாது.

செங்கல் கட்டும் வழக்கத்துக்கு நான் வந்த கதையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கனம் எதுவும் கட்டாமல், புட்டியைக் காற்றின் போக்கில் மிதக்கவிட்டேன். அதிகப் பரப்பைத் துழாவும் என்பதால் அந்த முறைக்கு மீன் விழுவது உண்மை. ஒரு நாள் காலை ஒன்பது புட்டிதான் கிடைத்தது. கோரைக்குள் தேடிச் சலித்து, ஒரு புட்டிதானே என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் கோரை ஓரத்தில் அந்தப் புட்டி ஒதுங்கியிருந்தது. கயிறு ஓர் ஆமையின் முன்கால்களைச் சுற்றி இறுகியிருந்தது. ஆமை செத்து ஊதிப்போயிருந்தது. அந்தக் கயிற்றை அறுத்தெடுத்த நேரத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புட்டியிலும் எண்ணும் பெயரும் எழுதி, செங்கல் கட்டாமல் ஒன்றைக்கூடத் தண்ணீரில் இறக்குவதில்லை. எண்ணிக்கை சரியாகாமல் வீடு திரும்புவதும் இல்லை.

மடுவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அணைக்கரையை ஒட்டிய கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. முதலை கண்ணில் பட்டதாக ஊரார் சொல்லும் மடுவில் இரத்த இரையைத் தொங்கவிடுவது மனிதருக்கும் கேடு, முதலைக்கும் கேடு. வேறு மடுக்களிலும் நான் தண்ணீரில் இறங்குவதில்லை. பழக்கப்பட்ட மீனவர் ஒருவரின் படகில் போய்ப் போட்டுவிட்டு, நன்றாக வெளுத்த பிறகே எடுக்கிறேன். ஏரி, குளமாக இருந்தால் மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் புட்டியைப் போட வேண்டும்.

சென்ற மாசியில் ஒரு விடியற்காலை. ஏழாம் எண் புட்டி செங்குத்தாக நின்று, சிவப்பு அடிப்பாகம் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கைமேல் கையாக இழுத்தபோது, முதலில் மீசை தெரிந்தது. பிறகு மஞ்சள் கலந்த சாம்பல் வயிறு. படகுக்குள் வந்ததும் அது பக்கத் துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொண்டு கர்ர், கர்ர் என்று ஒலித்தது. அந்த முள்ளின் அடிப்பகுதி எலும்புக் குழியில் உரசுவதால் எழும் ஒலி அது. அவசரப்பட்டு நடு உடலைப் பற்றினால் முள் உள்ளங்கையில் இறங்கும். கடுப்பு கைமுட்டிவரை ஏறும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கடுப்புத் தணியும். வீக்கம் மிகுந்தாலோ, குத்தியது தேளியாக இருந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். நான் இரண்டு விரலைப் பக்க முட்களுக்குப் பின்னால் கொடுத்து, உள்ளங்கையை வயிற்றில் அணைத்துப் பிடித்தேன். வட்ட முள் வாயின் இடது ஓரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. கொசுவலை முடிச்சுக்குள் ஈரல் பாதி அப்படியே இருந்தது.

அன்று நிமிர்ந்த நான்கு புட்டிகளில் மூன்று ஈரல், ஒன்று கெண்டைத் தலை. குடல் கோத்த இரண்டும் அசையவே இல்லை. ஈரல் கட்டியவை எல்லாம் நடுத்தண்ணீரிலும் குடல் கோத்தவை அடியிலும் இருந்ததால், மீன் தேர்ந்தெடுத்தது இரையையா, ஆழத்தையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரும் சனிக்கிழமை இரண்டையும் இடம் மாற்றிக் கட்டிப் பார்க்கப் போகிறேன்.