ஷ்பெர்முல் வண்டி வருவதற்கு முன்

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம். ஒரு நாள் இரவு வேலை முடிந்து வரும்போது, எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சோஃபா, மெத்தை, கண்ணாடி பதித்த பீரோ, குழந்தை நாற்காலி எல்லாம் வரிசையாக நின்றன. வாடகை கட்டாத யாரையோ வெளியேற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மனசு கனத்துப் போய் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலை அங்கே ஒன்றுமே இல்லை, நடைபாதை துடைத்து வைத்தது போல இருந்தது. அலுவலகத்தில் கேட்டபோதுதான் அந்தச் சொல் முதல்முதலாகக் காதில் விழுந்தது: ஷ்பெர்முல். குப்பைத் தொட்டியில் அடங்காத பெரிய வீட்டுச் சாமான்கள். அவற்றை எடுக்க நகராட்சி வண்டி வரும். ஆனால் அதற்கு முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும், டெர்மின் என்பார்கள்.

சென்னையில் பழைய சாமானுக்காக நாங்கள் அலைந்ததே இல்லை. "பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்" என்று தெருமுனையில் குரல் கேட்டால் அம்மா பால்கனியிலிருந்து கூப்பிடுவார். தராசு வரும், நிறுத்துக் காசும் வரும். கைப்பிடி போன வாளிக்கும் ஒரு விலை உண்டு. எது இரும்பு, எது அலுமினியம், எது எங்கே போகும் என்பதெல்லாம் அந்த வண்டிக்காரருக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கே அந்த அறிவு முழுக்க வீட்டில் குடியிருப்பவரிடம் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு டெர்மின்கள் ஆயின.

முதல் டெர்மின் நாங்கள் வந்த மூன்றாவது வருடம். டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் சின்ன ஊர், நான்கு மாடிக் கட்டடத்தில் மேல் மாடி, லிஃப்ட் கிடையாது. கெல்லர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன அறை தருவார்கள். எங்கள் கெல்லர் நிரம்பி வழிந்தது. உடைந்த அலமாரி ஒன்றோடு, கிழிந்த பைகள், பழைய பாத்திரம், விளையாட்டுச் சாமான், துணி என்று எல்லாவற்றையும் ஏழெட்டுக் கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வைத்தோம். மறுநாள் அலமாரி மட்டும் போயிருந்தது. பைகள் அப்படியே மழையில் நனைந்துகொண்டிருந்தன, ஒன்றின் மேல் ஒரு ஒட்டுத்தாள்.

கீழ்வீட்டு அம்மையாருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். குடையோடு வெளியே வந்தவர், ஒன்றும் பேசாமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். எல்லாவற்றையும் கெல்லரில் திரும்ப வைத்த பிறகுதான் சொன்னார். "ஒரு பொருளை உடைத்தோ மடித்தோ வீட்டுத் தொட்டியில் போட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அது ஷ்பெர்முல் இல்லை." பையிலும் பெட்டியிலும் கட்டி வைப்பது எதுவாக இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வண்டிக்காரருக்குத் தெரியாதே. இந்த ஒரு விதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த மழையில் அவர் பை தூக்கியிருக்க வேண்டாம். இப்போது புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது டெர்மின் வீடு மாறும்போது. எட்டு வருடம் குடியிருந்த வீடு. இங்கே வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலில் பழக்கமான ஈழத்து அண்ணன் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் உடனே, "தம்பி, முதல்ல டெர்மினை எடுங்கோ. பிறகு சாமானைப் பாருங்கோ" என்றார். அன்றிரவே நகராட்சித் தளத்தில் போய்ப் பார்த்தால், கிடைத்த முதல் தேதி நான்கு வாரம் தள்ளி இருந்தது. மாதக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள் அதிகம், அந்த நாட்கள் முதலில் நிரம்பிவிடும். வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்ட கையோடு தேதியையும் வாங்கிவிடுவது நல்லது.

அந்த அண்ணன் இன்னொன்றும் சொன்னார். எண்பதுகளில் அகதியாக வந்தபோது அவர்கள் வீட்டுக் கட்டில், மேசை, இரண்டு கதிரை எல்லாமே ஷ்பெர்முல்லில் எடுத்தவையாம். அப்போது தெருவுக்குத் தெரு ஒரே நாளில் எல்லா வீட்டுச் சாமானும் வெளியே வருமாம். "இரவில நாலு பேர் சேர்ந்து போய்ப் பார்ப்பம். நல்லா இருக்கிறதை நல்லா வச்சிருப்பாங்கள், மழை படாமல் மூடிக்கூட வச்சிருப்பாங்கள்." அந்த மேசையில்தான் அவர் மகள் படித்து முடித்தாள். இதைக் கேட்ட பிறகு, சாமானை வெளியே தள்ளுகிற வேலையாக இதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தேதி கேட்கும் படிவத்தில் என்னென்ன சாமான், எத்தனை என்று எழுத வேண்டும். எங்கள் ஊரில் அளவுக்கும் வரம்பு உண்டு, கன மீட்டரில். அதனால் நானும் மனைவியும் ஒரு நோட்டும் அளவு நாடாவுமாக அறை அறையாக நடந்தோம். பாதி சாமான் இந்த நடையிலேயே தீர்மானமாகிவிட்டது. இரண்டு பேர் உட்காரும் சோஃபா ஒன்றே ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வரும். ஆனால் ஓர் அலமாரியைக் கழற்றிப் பலகைகளாக அடுக்கினால், முழுதாக நின்றபோது பிடித்த இடத்தில் கால்வாசிதான்.

சமையலறைதான் பெரிய தலைவலி. இந்த நாட்டில் பல வாடகை வீடுகள் மொட்டைச் சுவரோடுதான் கைக்கு வரும். சமையலறை அலமாரி, அடுப்பு, சில இடங்களில் விளக்குகூட நாம் வாங்கி மாட்டியவை, போகும்போது நாமே கழற்ற வேண்டியவை. அடுத்து வருகிறவர் வாங்கிக்கொண்டால் பெரிய நிம்மதி. எங்களுக்குப் பின் வந்த பெண் அலமாரிகளை எடுத்துக்கொண்டார், அடுப்பு வேண்டாம் என்றார். அடுப்பு ஷ்பெர்முல் குவியலில் சேராது. மின்சாரத்தில் ஓடுவது எல்லாமே தனிக் கணக்கு. புதுசு வாங்கும் பெரிய மின்சாதனக் கடையே அதே வகைப் பழசை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருப்பதால், புது வீட்டுக்கு அடுப்பு வாங்கும்போது இதைக் கொடுத்துவிட்டோம். டோஸ்டர், ஹேர் டிரையர் போல 25 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறவை இன்னும் சுலபம். 2022 ஜூலையிலிருந்து மின்சாதனமும் விற்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளே வாங்கிக்கொள்கின்றன, எதுவும் வாங்காமல் போனாலும் சரி.

எங்கள் கிரைண்டர் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்த டேபிள் டாப் கிரைண்டர். மோட்டார் எரிந்து இரண்டு வருடமாகக் கெல்லரில் இருந்தது. வெர்ட்ஷ்டாஃப்ஹோஃப் என்கிற நகராட்சிக் கழிவுச் சேகரிப்பு மையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே நின்றவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது என்ன?" அரிசியும் உளுந்தும் அரைப்போம், மறுநாள் புளிக்கும், ஆவியில் வேக வைப்போம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு உருளைக் கல்லை விரலால் தடவிப் பார்த்தார். "கிரானைட்." ஆமாம் என்றேன். "அப்படியென்றால் மோட்டார் அந்தக் கூண்டில், கல் அந்தக் கட்டடக் கழிவுத் தொட்டியில்" என்று கையைக் காட்டினார். மோட்டாரைப் போட்டுவிட்டேன். கல்லோடு அந்தத் தொட்டி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்துவிட்டேன். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாவாட்டிய கல் அது. இப்போது புது வீட்டில் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் அண்டை கொடுத்து நிற்கிறது.

பெயின்ட் மிச்சம், தின்னர், பாதரசம் உள்ள பழைய எரிசக்தி சேமிப்பு பல்பு ஆகியவற்றை ஊர் ஊராக வரும் நச்சுக்கழிவு வண்டியில் கொடுத்தோம். பேட்டரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஷ்பெர்முல் வண்டி சாமானை உள்ளே போட்டு நசுக்கும். மகளின் பேசும் பொம்மையிலோ பழைய டிரில்லிங் மெஷினிலோ லித்தியம் பேட்டரி ஒன்று தங்கியிருந்தால், நசுங்கித் தீப்பிடிக்கலாம். வண்டிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பறையையும் முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் மேசை இழுப்பறையின் பின்பக்கம் ஒரு பழைய போன் பேட்டரியும், மகளின் முதல் வருடத் தடுப்பூசி ரசீதும் சிக்கியிருந்தன.

கதவு, ஜன்னல், தரைப்பலகை, கழிவறைப் பீங்கான் எல்லாம் கட்டடக் கழிவு, இந்த வண்டியில் ஏறாது. இரும்புக் கட்டில் சட்டத்தை எடுக்க மட்டும் எங்கள் ரூர் பகுதியில் பழைய வழி ஒன்று இன்னும் இருக்கிறது. ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் மெட்டு ஒன்றை ஒலிக்கவிட்டபடி சின்ன லாரியில் பழைய இரும்புக்காரர் வருவார். முதல் தடவை அந்த மெட்டைக் கேட்டபோது ஐஸ்கிரீம் வண்டி என்று மகள் கீழே ஓடினாள். எனக்கு எங்கள் தெருப் பேப்பர்காரர் குரல் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

கழற்றுகிற வேலையைச் சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை இங்கே அமைதி நாள், சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. கழற்றியதை மாடிப்படி ஓரத்தில் சாய்த்து வைக்கவும் முடியாது, தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்கிற வழி அது. அதனால் கடைசி மூன்று நாள் வரவேற்பறையே பலகைக் கிடங்காக இருந்தது. படிக்கட்டு அறிவிப்புப் பலகையில், இந்தத் தேதியில் ஷ்பெர்முல் வருகிறது, யாருக்காவது ஒன்றிரண்டு சாமான் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தாள் ஒட்டினேன். கீழ்வீட்டு அம்மையார் தன் கணவருடைய சாய்வு நாற்காலியைச் சேர்க்கலாமா என்று கேட்டார். கணவர் இறந்து நான்கு வருடமாயிற்று. நானும் என் நண்பனும் அதைத் தூக்கியபோது, "மெதுவாக, இடது கை ஆடும்" என்று பின்னாலேயே வந்தார்.

கடைசியாகக் கழற்றியது மகளின் தொட்டில் கட்டில். மேல் சட்டத்தில் பல் முளைத்த காலத்தில் அவள் கடித்த தடம் வரிசையாக இருந்தது, வெள்ளைப் பூச்சு போய் மரம் தெரிந்தது. மற்றபடி திடமான கட்டில். ஹாம் அண்ணனிடம் கேட்டோம், கோயிலுக்கு வருகிறவர்களிடம் கேட்டோம், இலவசமாகத் தருகிறோம் என்று இணையத்திலும் போட்டோம். வருகிறேன் என்ற இரண்டு பேர் வரவில்லை. ஹாம்பர்க்கில் ஷ்டில்பிருக், பெர்லினில் நொக்மால் என்று நகரத் துப்புரவு நிறுவனங்களே பழைய சாமான் கடை நடத்துகின்றன. எங்கள் ஊர் அவ்வளவு பெரிசில்லை. சரி என்று கட்டிலைக் கழற்றி, சட்டங்களைச் சேர்த்துக் கட்டி, திருகாணிகளையெல்லாம் ஒரு சின்ன உறையில் போட்டு என் மனைவி சமையலறை மேடையில் வைத்தாள்.

எங்கள் ஊரில் முந்தின நாள் மாலைதான் வெளியே வைக்கலாம், காலை ஆறு மணிக்குள் எல்லாம் இருக்க வேண்டும். அதற்கும் ஒரு நாள் முன்னால் வைத்தால் அபராதம் வரலாம். மாலை ஆறு மணிக்கு இறக்க ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்தோம். வண்டியும் குழந்தை தள்ளுவண்டியும் போக வழி விட்டு, கனமானது கீழே, பலகைகள் ஒன்றாக, மெத்தை சுவரோரம். தொட்டில் கட்டிலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டேன்.

பத்து மணி இருக்கும், அழைப்பு மணி அடித்தது. கீழே போனால் இளம் தம்பதி, சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன இழுவண்டி. அந்தப் பெண் நிறைமாதம். வெளியே வைத்ததை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கும் ஊர்களும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று மணி அடித்ததாக அவர் உடைந்த ஜெர்மனில் சொன்னார். வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் நாங்கள் வண்டிக்குக் கொடுக்கவில்லை, இது எங்களுடையதுதான் என்றேன். கணவர் சட்டங்களை இழுவண்டியில் வைத்துக் கயிறு சுற்றினார். அவள் விரலால் அந்தப் பல் தடத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். "என் மகள்" என்றேன். சிரித்தாள்.

அவர்கள் கிளம்பி ஐம்பது அடி போயிருப்பார்கள். மேலே ஜன்னல் திறந்தது. "நிக்கச் சொல்லுங்க, நிக்கச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு, என் மனைவி திருகாணி உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் ஓடி இறங்கி வந்தாள்.