“ஒரு உளவியலாளரையும் பாருங்கள்”: முதுகுவலிச் சிகிச்சையில் ஓராண்டை விழுங்கிய ஒரு வரி

“ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. எதற்கும் ஒரு உளவியலாளரையும் பாருங்கள்.” பரிந்துரைச் சீட்டை நீட்டியபடி மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். அந்தச் சீட்டு ஓராண்டு கோப்புக்குள்ளேயே கிடந்தது. ‘உனக்கு வலியே இல்லை, எல்லாம் மனப்பிரமை’ என்கிறார் என்றுதான் அது காதில் விழுந்தது. பின்னால் சிகிச்சையின் முதல் வாரத்தில் விளக்கியதை அன்றே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த இரண்டு நிமிடப் பேச்சை இங்கே எழுதிவிடுகிறேன்.

தசையோ தசைநாரோ காயப்பட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வலி மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். முன்பு வலிக்காத அசைவுக்கும் அது அபாய மணி அடிக்கிறது. தூக்கம் கெட்டால், பயந்தால், மனம் சோர்ந்தால் மணிச்சத்தம் இன்னும் கூடுகிறது. வலி முழுக்க முழுக்க உண்மை. அதைக் கூட்டிக் குறைக்கும் பிடிகளில் சில மனத்தின் பக்கம் இருக்கின்றன, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, நாள்பட்ட முதன்மை வலி (வேறு நோயின் அறிகுறியாக அல்லாமல் வலியே நோயாக இருப்பது) என்று இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது.

ஆனால் இவை இருந்தால் உளவியலாளர் வரிசையில் நிற்காதீர்கள்: பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது அல்லது சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது. இவற்றுக்கு அன்றே அவசரப் பிரிவு. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது ஆகியவற்றையும் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

ஸ்கேன் அறிக்கை செய்த சேதம் தனி. ‘தேய்மானம்’, ‘டிஸ்க் பிதுக்கம்’ என்ற சொற்களைப் படித்த பிறகு குனிவதே நின்றுபோனது. குனியாததால் முதுகு இன்னும் இறுகியது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. பிதுக்கமும் முறையே 30, 60 விழுக்காடு. ஆகவே அறிக்கையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கேயே மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் என் வயதுக்கு இயல்பானது எது? என் வலி இருக்கும் இடத்தோடு பொருந்துவது எது? நான் செய்யவே கூடாத அசைவு ஏதாவது உண்டா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். அந்த ‘இல்லை’யை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் ஆகியவற்றில் போன நாட்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி: நாள்பட்ட முதன்மைக் கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி இந்த நான்கையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நோயைப் புரியவைப்பது, உடற்பயிற்சித் திட்டம், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) ஆகியவை அது பரிந்துரைப்பவற்றில் அடங்கும்.

கடைசியில் சீட்டை எடுத்துக்கொண்டு போன முதல் பயணமும் வீண். தவறு என்னுடையது. உள்ளே போகுமுன் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் கடைசி ஐந்துதான் மனத்தின் பக்கம்: அசைந்தால் ஆபத்து என்று நினைக்கிறீர்களா, கவலை ஓடிக்கொண்டே இருக்கிறதா, இது தீரவே தீராது என்று தோன்றுகிறதா என்கிற மாதிரி. தைரியசாலியாகக் காட்டிக்கொண்டு ‘இல்லை, இல்லை’ என்று குறித்தால் பெரும்பாலும் குறைந்த ஆபத்துப் பிரிவில் போட்டு, ஒரு பயிற்சித் தாளோடு அனுப்பிவிடுவார்கள். அந்த ஐந்தில் நான்கோ அதற்கு மேலோ ‘ஆம்’ என்று வந்தால்தான் உளவியல் சேர்ந்த சிகிச்சைக்கு வழி திறக்கும். படிவம் கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. நிரப்பும் அன்று வலி குறைந்திருந்தாலும் மோசமான இரவுகளை மறக்காமல் நினைத்துப் பார்த்துக் குறியுங்கள்.

பிறகு சிகிச்சை தொடங்கியதும் மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் சிக்கலில்லாமல் போயின. அளவு கட்டி நடப்பதில்தான் ஆள் ஆட்டம் காண்பார். நல்ல நாளில் பாக்கி வேலையெல்லாம் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பது என்ற சுழற்சியை முதலில் உடைக்க வேண்டும். மூன்று நாள் நடந்து பாருங்கள். வலி ஏறத் தொடங்கும் நிமிடத்தைக் குறியுங்கள். 10, 6, 8 என்று வந்தால் சராசரி 8. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 6 நிமிடம், தொடக்க அளவு. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். நல்ல நாளிலும் 6, மோசமான நாளிலும் 6. எங்கே நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்ல வேண்டும், வலி சொல்லக் கூடாது. இரண்டாம் வாரத்தில் ‘இன்று நன்றாக இருக்கிறதே’ என்று 20 நிமிடம் நடப்பதுதான் எல்லோரும் விழும் குழி.

வலிக்கு மணிக்கு மணி மதிப்பெண் எழுதுகிறவர்கள் அதை நிறுத்துங்கள்; கவனம் முழுக்க வலிமேலேயே குவியும். குறிப்பேட்டில் நடந்த நிமிடமும் தூங்கிய நேரமும் போதும்.

பயப்படும் அசைவுகளுக்கு ஒரு ஏணி போடச் சொல்வார்கள். கடினத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, கீழிருந்து ஏற வேண்டும். நாற்காலியிலிருந்து குனிந்து செருப்பு மாட்டுவது 30, தரையிலிருந்து வாளியைத் தூக்குவது 80 என்பது போல. ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறோமோ அதை எழுத வேண்டும். முடித்த பின் நடந்ததை எழுத வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூச்சை அடக்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு, முதுகை விறைப்பாக வைத்துக் குனிந்தால் பயிற்சி பலிக்காது. ‘ஜாக்கிரதையாக இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்றே மூளை பதிந்துகொள்ளும். மூச்சை விட்டபடி, முதுகு தானாக வளைய, கையூன்றாமல் குனிய வேண்டும். எழுதி வாங்கிய அந்த ‘இல்லை’யைக் கையில் வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிய நாள், இந்தச் சிகிச்சையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

டுலாக்செட்டின் எழுதிக் கொடுத்தால், மருந்துத் தாளில் ‘மனச்சோர்வு’ என்று பார்த்துப் பதற வேண்டாம். வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளிலும் அது வேலை செய்கிறது. பெரும்பாலும் 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்கு ஏற்றுவார்கள். முதல் வாரங்களில் குமட்டல் வரலாம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் ஷாக் அடித்தது போன்ற உணர்வும் வரலாம். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலி மறுபடி சீறும், நிச்சயம். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால் நன்றாக இருக்கும் நாளிலேயே ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். என் அட்டையில் இருப்பவை: அவசர அறிகுறிகள் இல்லையா என்று பார். 48 மணி நேரத்துக்கு நடை அளவைப் பாதியாக்கு, பூஜ்யமாக்காதே. பகலில் படுத்தால் 20 நிமிடத்துக்கு அலாரம் வை. பழைய ஸ்கேன் அறிக்கையைத் திறக்காதே. மூன்றாம் நாள் பழைய அளவுக்குத் திரும்பு. வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், ‘நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அன்போடு சொல்லி நடையை நிறுத்திவிடுகிறவர்கள் அவர்கள்தான்.